சம்பந்தியம்மாள் கொண்டுவந்த மண்

ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளைப் பிளாஸ்டிக்கை விரல் அகலக் கீற்றுகளாக வெட்டி, அழியாத மையால் செடியின் பெயரை எழுதி, டின்னின் மண்ணில் குத்தி வைக்கும் வழக்கத்தை எங்கள் தாமான் குடியிருப்பில் ஏற்படுத்தியவன் நான். மேல் வரியில் தமிழ்ப் பெயர், அடுத்து மலாய்ப் பெயர், கீழே அடிக்கோடிட்ட அறிவியல் பெயர். ஈப்போ நகரின் விளிம்பில், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த இந்தக் குடியிருப்புக்கு வந்தபோதே நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். முப்பத்து நான்கு ஆண்டுகள் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பித்தவன். கல்லூரியில் தாவரவியலை முதன்மைப் பாடமாக எடுத்துத் தேறியவன். எந்த வீட்டு வாசலில் எந்தக் கிழங்கு முளைவிட்டாலும் அதன் படம் முதலில் என் கைப்பேசிக்குத்தான் வரும். ஒரு செடியைப் பற்றி இருவர் கருத்து வேறுபட்டால், “சாரு என்ன சொன்னாரு?” என்று மூன்றாமவர் கேட்பார்; அத்தோடு பேச்சு முடிந்துவிடும். இதைத் தற்பெருமையாக எழுதவில்லை. இனிச் சொல்லப்போவது விளங்க வேண்டுமானால், என் சொல்லுக்கு அந்நாளில் இருந்த எடை தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் நாட்டில் பருவங்களே இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. தோட்டம் வைத்திருப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சீனப் புத்தாண்டை ஒட்டிப் பிடிக்கும் வெயில் புல்லைக்கூடக் கருக்கிவிடும். பிற்பகல் மழை திரும்பியதும், செத்துவிட்டதாக நாம் நினைத்திருந்த தொட்டிகளிலிருந்து பூந்தண்டுகள் கிளம்பும். அமரில்லிஸ் இலையே இல்லாமல் வெறும் தண்டின் உச்சியில் எக்காளம்போல விரியும். மே மாதப் பூ உள்ளங்கைக்கு அடங்காத சிவப்புப் பந்தாகத் திரளும். ஒருமுறை நட்டால் இவை ஆண்டுதோறும் தாமே திரும்பி வரும். மண்ணுக்கடியில் பெருகிக்கொண்டே போவதால் பிரித்துக் கொடுத்தே தீரவேண்டும். ஆகவே முதல் மழைகளுக்குப் பிந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிகுந்துபோன கிழங்குகளையும் பக்கக் கன்றுகளையும் பால்மாவு டின்களில் நட்டுப் பொது மண்டபத்துக்குக் கொண்டுவருவோம். வேண்டியவர் வேண்டியதை எடுத்துச் செல்வார். சிலர் சமையலுக்கான கீரையையும் பூண்டையும்கூடக் கொண்டுவருவதுண்டு. பெயர்க்கீற்று எழுதுவது மட்டும் என் பொறுப்பு.

சம்பந்தியம்மாள் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் களைகளுக்கு மருந்து அடிக்கும் வேலை செய்தவர். முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து, ஒரு கையால் பிடியை இறைத்து, மறு கையால் குழாயைச் செலுத்தியபடி மரவரிசைகளுக்கிடையே நடந்து வாழ்நாளைக் கழித்தவர். அந்த மருந்தினால் அவருடைய கைந்நகங்கள் கறுத்து மடங்கிப் போயிருந்தன. நிச்சயதார்த்தத்தின்போது அவர் தாம்பூலத் தட்டை நீட்டியவுடன் நான் முதலில் கண்டது அந்த நகங்களைத்தான். கண்டதை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். கணவரும் இறந்து, தோட்டமும் விற்கப்பட்டு, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் இடிக்கப்பட்டபோது, எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளியிருந்த என் மகன் வீட்டுக்கே அவர் குடிவந்தார். வந்த லாரியில் பாத்திரம் பண்டங்களைவிட உரச்சாக்குகளே அதிகம். அவற்றுள் லயத்து வாசலின் மண்ணும் வேர்களும் இருந்தன.

எங்களவரிடையே பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை விளக்கத் தேவையில்லை. ஈப்போவுக்கு வந்து ஓராண்டாகியும் சம்பந்தியம்மாள் என் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. பேச்சு நடக்கையில் கதவோரம் நிற்பார். நான் சொன்னதை மறுத்து ஒரு சொல் சொன்னதில்லை. இதை நான் வற்புறுத்தியதும் இல்லை, வேண்டாமென்று தடுத்ததும் இல்லை, முறையென்று ஏற்றுக்கொண்டேன்.

ஆனால் செடிகளைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு என்னைத் திகைக்கச் செய்தது. அவருக்குப் புத்தகப் பெயர் எதுவும் தெரியாது. பூ தேவைப்படவும் இல்லை. இரண்டு இலை விட்ட முளையைக் கண்டே அது எதுவென்று சொல்லிவிடுவார். மருந்தடிப்பவர் மண்ணைக் காக்கும் கொடியை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்ல வேண்டும். அதுவும் களை பூத்து விதைவிடுமுன் கொல்ல வேண்டும். தவறினால் மேற்பார்க்கும் மண்டோர் வைவார். ஆகவே பூ வருமுன் அடையாளம் காண்பது அவருக்கு வயிற்றுப்பாடாக இருந்திருக்கிறது. ஒருமுறை என் வீட்டு வேலியோரம் தலைகாட்டிய ஒரு முளையை நான் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்துகொண்டிருந்தபோது, என் மனைவியிடம் சொல்வதுபோல அவர் சொன்னார்:

“பூ பூத்தப்புறம் யாருக்குத்தான் தெரியாது? பூக்காத முன்ன சொல்றதுதான் வேல.”

என் மனைவி சிரித்தாள். நான் பூதக்கண்ணாடியை உறையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. எளிதில் தேறிவிட்டேன்; ஆனால் மோப்பம் திரும்பவில்லை. காப்பியும் வெந்நீரும் எனக்கு ஒன்றாயின. மல்லிகைக்கும் காகிதப்பூவுக்கும் கண்ணால் மட்டுமே வேறுபாடு கண்டேன். இதை மருத்துவரிடம் மட்டும் சொன்னேன், மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது செடியை அறிவதில் பாதி. அந்தப் பாதியை இழந்தவனிடம் யார் பெயர் கேட்பார்கள் என்று எண்ணினேன். அதனால் முகர்வதை நிறுத்தாமல், முகர்வதுபோல் நடித்துவந்தேன்.

அந்த ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பந்தியம்மாள் முதன்முறையாகத் தம் டின்களைக் கொண்டுவந்தார். லயத்து வாசலில் வரிசையாக நட்டிருந்த வெள்ளை மழை லில்லியின் கன்றுகள் அவற்றில் இருந்தன. பூ இன்னும் வரவில்லை. புல்போன்ற இலைக்கொத்து மட்டும். வைத்துவிட்டு, மண்டபத்தின் பின்புறம் தேநீர்க் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார். என் எதிர்வீட்டுச் சீன அம்மையார் அதே அளவு டின்களில் குச்சாயைக் கொண்டுவந்திருந்தார். வறுத்த மீ நூடுல்ஸிலும் முட்டையிலும் அரிந்து போடும் அந்தப் பூண்டுக் கீரைக்கும் இலைக்கொத்து அப்படித்தான் இருக்கும். மேசை ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று யாரோ எல்லா இலைகளையும் கத்தரித்து ஒரே உயரமாக்கியிருந்தார்கள். டின்களையும் இடம் மாற்றியிருந்தார்கள். குச்சாயின் இலை தட்டை, மழை லில்லியினுடையது சற்றே உருண்டை. வெயிலில் வதங்கிய இலைகளில் அந்த வேறுபாடு மங்கியிருந்தது. கண்ணாடியை எடுத்து நிதானித்துப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன். முகர்ந்திருந்தால் கண்ணே தேவைப்பட்டிருக்காது. குச்சாய் பூண்டு நாற்றம் அடிக்கும், மழை லில்லி எதுவும் அடிக்காது. இருபது பேர் சூழ்ந்து நின்றார்கள். நான் ஓர் இலையைக் கிள்ளினேன், கசக்கினேன், வகுப்பறையில் செய்வதுபோல் கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோனேன். “குச்சாய்” என்றேன். எழுதிக் குத்தினேன். எஞ்சிய வரிசைக்கு மழை லில்லி என்று எழுதினேன்.

பெயர்கள் இரண்டும் இடம் மாறிவிட்டன. மழை லில்லியின் இலையும் கிழங்கும் நஞ்சு. உண்டால் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சிறு குழந்தைகளுக்கு அது அத்தோடு நிற்காது. இதையும் பாடமாகக் கற்பித்தவன் நான்தான்.

சம்பந்தியம்மாள் ஈரக் கையோடு திரும்பி வந்தபோது அவருடைய டின்களில் மூன்று போயிருந்தன. எஞ்சியவற்றில் என் எழுத்தைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் இன்னொருவருக்கு அமரில்லிஸ் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். “சம்பந்தி, இந்த டின்னெல்லாம் வெயில்ல காயுது, நெழல்ல வச்சுட்டு வாரேன்” என்று மட்டும் சொல்லி, எஞ்சியவற்றை அள்ளிக்கொண்டு போனார். அதன்பின் மண்டபத்தில் அவரைக் காணவில்லை.

அவர் விசாரித்துப் போனது, அந்த மூன்று டின்களும் போயிருந்த வீடுகளுக்கு. கடைசி வீடு குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மையாருடையது. அங்கே நடந்ததை அம்மையாரே பின்னர் பலமுறை எல்லாரிடமும் விரித்துரைத்ததால் எனக்குச் சொல்லுக்குச் சொல் தெரியும். மீ வறுப்பதற்காக இலைகளை அரிந்து பலகையில் குவித்திருந்தார்களாம். சம்பந்தியம்மாள் கேட்காமலேயே அடுக்களைக்குள் நுழைந்து, அரிந்த இலைகளை முந்தானையில் வழித்துக்கொண்டாராம்.

“என்னக்கா இது, வந்ததும் வராததுமா?” என்று அம்மையார் கேட்க, “சமைக்காதீங்கக்கா. இது மருந்து அடிச்ச மண்ணு. எஸ்டேட்லேர்ந்து கொண்டாந்தது. நான்தான் மறந்துபோயி வச்சுட்டேன். என் தப்பு லா” என்றாராம்.

“அடப்பாவி! இன்னும் அஞ்சு நிமிசம்னா சட்டியில போட்டிருப்பேனே! சாரே குச்சாய்னு மோந்து பாத்துக் குடுத்தாருன்னு நம்பி எடுத்தேன் லா.”

“சாரு சரியாத்தான் சொன்னாரு. மண்ணுதான் கெட்டது.”

அவர் வேறெதுவும் சொல்லியிருக்க முடியாது என்பது எனக்கு அன்று மாலையே விளங்கிவிட்டது. அது குச்சாய் இல்லை என்று சொன்னால் நான் பொய்த்தேன் என்றாகும். நான் கண்ணை மூடி முகர்ந்ததை இருபது பேர் பார்த்திருக்கிறார்கள். பெயரைத் தொடாமல் செடியை மீட்க அவருக்கு இருந்த ஒரே வழி தம் மண்ணைக் குறை சொல்வது.

மாலையில் நான் வாசல் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

“சம்பந்தி, ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. ஒங்களுக்கு மூக்கு வேல செய்யலதானே?”

“அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கொஞ்சம் சளி.”

“ஒரு வருசமாவா சளி? அன்னிக்கு எம் மக பெலாச்சான் வறுத்தப்போ வீடே எந்திரிச்சு வெளிய ஓடுச்சு. நீங்க மட்டும் கால்மேல கால் போட்டு பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க.”

நான் குழாயை மூடினேன். பிறகு அவர் நடந்ததை முழுவதும் சொன்னார். மழை லில்லி என்று நினைத்துக் குச்சாயை எடுத்துப் போனவர்களை என்ன செய்வதென்று கேட்டேன். “அது பரவால்ல லா. குச்சாய வாசல்ல வச்சு அழகு பாக்கட்டும். யாரும் சாவப் போறதில்ல” என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கூட்டத்தில் நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

“சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம். நான் சொல்ல மாட்டேன். எம் மக ஒங்க வீட்டுல வாழுது.”

அடுத்த கூட்டத்தில் நான் சொல்லவில்லை. அதற்குள் செய்தி தாமான் முழுதும் பரவியிருந்தது. எஸ்டேட்டிலிருந்து வந்த அக்காவின் மண்ணில் விஷம் என்றார்கள். அவர் வீட்டு முருங்கைக்கீரையை வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். அவ்வாரமே என் மருமகள் என்னிடம் வந்தாள். அதற்குமுன் என்னிடம் குரலை உயர்த்தாதவள் அன்றும் உயர்த்தவில்லை.

“மாமா, மருந்து அடிச்ச மண்ணுன்னா மொதல்ல அந்தச் செடிதானே செத்திருக்கும்? அது பச்சையா நின்னுச்சே. நீங்க சயன்ஸ் வாத்தியார். நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க. ஒரு வார்த்த சொல்லுங்க.”

அவள் வாதத்தில் பிழை ஒன்றுமில்லை. என் மாணவி அப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். நான் சொன்னேன்: “சில மருந்துகள் உடனே வேலை செய்யாது.” அவள் தேநீர் போடப் போனாள். நான் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் சிலவே. அறிவியலைக்கொண்டு சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மறு ஆண்டு சம்பந்தியம்மாள் மே மாதப் பூவைக் கொண்டுவந்தார். ஆறு டின்களில் ஆறு சிவப்புப் பந்துகள். மண்டபத்தில் அன்று அதைவிட அழகானது எதுவும் இல்லை. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் அம்மையார் கன்னத்தில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, “ரொம்ப அழகு லா அக்கா. ஆனா வேணாம், வீட்டுல பேரப்புள்ளைங்க இருக்கு” என்றார். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லாமல் நகர்ந்தார்கள். அந்த டின்களுக்கான கீற்றுகளை நான் எப்போதையும்விட அழகாக எழுதியிருந்தேன். கடைசியில் நானே ஒரு டின்னைக் கையிலெடுத்தேன்.

“வைங்க சம்பந்தி. நீங்க எடுத்தா கணக்குல சேராது. நீங்க வீட்டு ஆளு” என்று சொல்லி, அதை என் கையிலிருந்து வாங்கித் தள்ளுவண்டியில் வைத்தார். நண்பகலில் ஆறு சிவப்புப் பந்துகளும் தலையாட்டியபடி அவர் முன்னே போயின. யாருக்கும் சொந்தமில்லாத பின்சந்தின் சாக்கடையோரம் அவற்றை நட்டுவிட்டார். அவை இன்றும் பருவம் தவறாமல் பூக்கின்றன. யார் நட்டதென்று அறியாமல் அவற்றைப் படமெடுத்து, “சார், இது என்ன பூ?” என்று கேட்பவர்களுக்கு நான் பெயரை மட்டும் அனுப்பிவந்தேன்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அந்த ஆண்டு முதல் மேசையருகே அவர் எனக்கு இடப்பக்கம் நின்றார். பெயர் சொல்ல வேண்டிய செடியின் இலையை எனக்கு முன்னதாகக் கிள்ளி முகர்ந்து, தமக்குத் தாமே பேசிக்கொள்வதுபோல், “யப்பா, என்னா காரம்” என்றோ, “வெறும் பச்ச வாசம்” என்றோ சொல்வார். தமக்குத் தெரிந்த இலையானால் பெயரையும் முணுமுணுப்பார். அதற்கப்புறம் நான் முகர்ந்து பெயர் சொல்வேன். ஒருமுறைகூடப் பிழை வரவில்லை. “சாருக்கு வயசானாலும் மூக்கு பாருங்க லா!” என்று மெச்சினார்கள். அப்போதெல்லாம் அவர் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். தோள் குலுங்குவதை நான் மட்டும் பார்ப்பேன். எனக்கு அவர் உதவுவதற்கு எந்தக் கடமையும் இல்லை. நான் கேட்கவும் இல்லை. யாராவது நஞ்சைத் தின்றுவிடக் கூடாது என்பதற்காக நின்றார் என்றே நினைக்கிறேன். அதற்கு ஒரு முறை அவரிடம் நன்றி சொல்ல முயன்றபோது, “வெயிலுக்குள்ள நிக்காதீங்க, உள்ள போங்க” என்றார்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கமுந்திங்கில் தொழிற்சாலை வேலையிலிருந்த இளைய மகன் அவரை அழைத்துக்கொண்டான். சென்ற ஆண்டு அங்கேயே காலமானார். இறுதிச் சடங்கில் மாப்பிள்ளை வீட்டார் என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். உட்காராமல் கதவோரம் நின்றேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அண்மையில், பூக்கள் மீண்டும் திரும்பியிருந்த ஒரு நாளில், தாமானின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் செயலாளர் அம்மையார் அவர் நினைவாக ஒரு பதிவு இட்டார். நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருந்தார். தொடக்கத்தில் அறியாமையால் மருந்து கலந்த மண்ணைக் கொண்டுவந்தவர், பின்னர் சாரின் அருகில் நின்று பொறுமையாகச் செடிகளின் பெயர்களைக் கற்றுக்கொண்டார் என்றும், அப்படிக் கற்பித்த சாரின் பெருந்தன்மையை மறக்க முடியாது என்றும் இருந்தது. கீழே வரிசையாகக் கும்பிடு போட்டிருந்தார்கள். என் வீட்டுக்கு வந்திருந்த மருமகள் அதைப் படித்தாள். கைப்பேசியை என் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

நான் அவள் பின்னால் போய், நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்குச் சொல்லி என்ன மாமா? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்களுக்குச் சொல்லுங்க.”

ஆகவே சொல்கிறேன். சம்பந்தியம்மாள் கொண்டுவந்த மண்ணில் மருந்து இருந்ததில்லை. அவர் மழை லில்லியைக் கொண்டுவந்தார்; அதற்குக் குச்சாய் என்று பெயர் எழுதியவன் நான். அவர் என்னிடம் எதையும் கற்கவில்லை. அதன்பின் இரண்டு ஆண்டுகள் நான் முகர்ந்து சொன்ன பெயர்கள் அனைத்தும் அவர் சொன்னவை.